பச்சை வாசனை போகும்வரை

ஜூன் 3, 2025, செவ்வாய்

வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. ஸ்கூட்டி திரும்பும்போது மணல் சறுக்கிவிட்டது. கையை ஊன்றி விழுந்தேன். ஆறு வாரம் அசைக்கக் கூடாதாம். இதை இடது கை ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்று மகள் காட்டிக்கொடுத்தாள். 'வத்தக்குழம்பு' என்றேன். 'பத்து குழம்பு' என்று எழுதியது. விரலே போதும்.

அடுப்படி இவர் கைக்குப் போயிருக்கிறது. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் இவர் போட்டது டீ மட்டும்தான். இன்றைக்கு மூன்று வேளையும் பார்சல்.

ஜூன் 5, வியாழன்

பகல் பூராவும் கூடத்தில் நானும் அத்தையும். டிவியில் சமையல் வீடியோ. சமைக்க முடியாதவள் அதைப் பார்ப்பது, பட்டினி கிடப்பவன் ஓட்டல் வாசலில் நிற்பது போலத்தான். ஆனாலும் கை தானாக அங்கேதான் போகிறது.

அத்தைக்கு வில்லேஜ் குக்கிங் சேனல் தவிர வேறெதுவும் ஆகாது. புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்துத் தாத்தா பெரியதம்பியும் பேரன்களும். தாத்தா முன்பு விசேஷங்களுக்குச் சமைத்துப் போட்டவர். 2018-ல் தொடங்கினார்கள். 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் சேனல் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் முதல்வரின் கொரோனா நிவாரண நிதிக்கு 10 லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

யோசித்துப் பார்த்தால் அதில் எனக்குக் கற்றுக்கொள்ள ஒன்றுமே இல்லை. ஊருக்கே போடுகிற அளவுச் சமையலை நான் என்றைக்குச் செய்யப்போகிறேன்? பிறகு ஏன் பார்க்கிறேன் என்று இன்று கொஞ்சம் உன்னிப்பாகக் கவனித்தேன். ஒவ்வொரு சாமானும் அண்டாவுக்குள் விழும்போது அதன் பெயரைக் கத்துகிறார்கள். 'சோம்பு!' 'பட்டை!' 'மஞ்சத்தூள்!' தட்டிலிருந்து சரிவதும் பெயர் வருவதும் ஒரே நொடி. அம்மியில் குழவி உருளும்போது பின்னணி இசை கிடையாது, கல்லோடு கல் உரசுகிற சத்தம் மட்டும். ஒன்றாம் வகுப்பில் வாத்தியார் குச்சியால் எழுத்தைத் தொட, நாங்கள் கத்துவோமே, அந்தச் சுகம்.

2021 ஜனவரியில் ராகுல் காந்தி அவர்களோடு சேர்ந்து சமைத்தபோதும் இதே கதைதான். அன்றைக்குக் காளான் பிரியாணி. தயிர்ப் பச்சடி அவர் பொறுப்பு. வெங்காயம், தயிர், கல்லுப்பு என்று தமிழிலேயே சொல்லிச் சொல்லிப் போட்டார். அவர்களோடு சேர்ந்தால் யாராக இருந்தாலும் பெயர் சொல்லித்தான் போட வேண்டும்.

'எல்லாரும் வாங்க' என்று அவர்கள் கூப்பிடும்போதெல்லாம் அத்தை சோபாவிலிருந்து 'வர்றோம், வர்றோம்' என்கிறார். எழுபத்தெட்டு வயது. கிண்டலுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே சொல்கிறாரா, இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 8, ஞாயிறு

இன்று டாடி ஆறுமுகம் வீடியோ. மகன் படம் பிடிக்க, அப்பா சமைத்து, கடைசியில் தனி ஆளாக உட்கார்ந்து சாப்பிடுவார். அந்தக் கடைசிப் பகுதிதான் விஷயம். அவசரமே இல்லை, கேமராவைப் பற்றிய கூச்சமும் இல்லை. 'அடுத்தவுக சாப்பிடுறத இப்படிப் பாக்கக் கூடாது, கண்ணு பட்டுரும்' என்றார் அத்தை. சொல்லிவிட்டு, ரிமோட்டை என் பக்கம் வராமல் மடிக்கடியில் வைத்துக்கொண்டார்.

இன்று மதியம் இவர் ரசம் வைத்தார். அதைப் பற்றி எழுத இடது கைக்குத் தெம்பில்லை.

ஜூன் 14, சனி

இவர் ஆடிட்டர் ஆபீஸ்காரர். அதனால் வெங்கடேஷ் பட் என்றால் உயிர். நட்சத்திர ஓட்டல் அடுப்படியில் வளர்ந்தவர், மூச்சு விடாமல் பேசுவார், கூடவே 'ஏன்' என்பதையும் சொல்லிவிடுவார். இதை இப்போது போடாதீர்கள், போட்டால் இன்னது ஆகும் என்று. அந்த 'ஆகும்' இவருக்குப் பிடித்திருக்கிறது. நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொள்கிறார். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காது அசந்துவிடும். ருசி அவரவர் பாடு.

எனக்கு ரேவதி சண்முகம் அம்மாதான். கண்ணதாசனின் மகள். டிவியில் எத்தனையோ வருஷம் பார்த்த முகம். இப்போது யூடியூபில் கவிஞர் வீட்டுச் சமையல் என்று தொடர்கிறார். குரல் உயராது. சித்தி ஒருத்தி ஊரிலிருந்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே சொல்லிக்கொடுப்பது போல இருக்கும். சமைக்கத் தெரியாத பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும் என்ற நினைப்பு அவர் பேச்சில் எப்போதும் இருக்கிறது.

எழுத வந்தது வேறு. இவர் இன்று புளிக்குழம்பு வைத்தார். நான் நாற்காலி போட்டு வாசற்படியில் உட்கார்ந்து, வாயாலேயே நடத்தினேன். புளித்தண்ணி ஊற்றி, மிளகாய்த்தூள் போட்டதும், 'பச்சை வாசனை போற வரைக்கும் கொதிக்கட்டும்' என்றேன்.

திரும்பிப் பார்த்தார். 'பச்சை வாசனைன்னா என்ன வாசனை?'

எனக்குப் பதில் வரவில்லை. எல்லா வீடியோவிலும் இந்த வார்த்தை வருகிறது. நானே ஆயிரம் முறை சொல்லியிருக்கிறேன். மண் வாசனை மாதிரியா? இல்லை. மிளகாய் மில் பக்கம் போனால் மூக்கில் ஏறுமே, அதா? பாதி அது. கடைசியில், 'இப்பக் குனிஞ்சு மோந்து பாருங்க' என்றேன். பார்த்தார், தும்மினார். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி குனியச் சொன்னேன். இப்போது தும்மல் இல்லை. புளியும் தூளும் தனித்தனியாக இல்லாமல் ஒரே வாசனையாக வந்தது. ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டாக எண்ணெய் பிரிந்து நின்றது. 'ஓ' என்றார். நோட்டை எடுக்கவில்லை.

ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. நிறைய வீடியோக்களில் அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் வெட்டிவிடுகிறார்கள். தூள் போடுவார்கள்; அடுத்த நொடி எண்ணெய் மிதக்கிற குழம்பு. குரலே இல்லாமல், மேலேயிருந்து கையை மட்டும் காட்டி ஒரு நிமிஷத்தில் முடிப்பவை இன்னும் மோசம். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சந்தேகம் வருகிற இடத்தில் பக்கத்தில் ஆளில்லை. எனக்குப் பிடித்தவர்கள் எல்லாரும் அந்த இடத்தில் நகராமல் நிற்பவர்கள். தாத்தா ஒன்றும் பேசமாட்டார், கரண்டியால் கிண்டிக்கொண்டே இருப்பார். பட் காரணம் சொல்வார். ரேவதி அம்மா பொறுமையாக இருக்கச் சொல்வார். விதம்தான் வேறு.

ஜூன் 22, ஞாயிறு

பழைய மஸ்தானம்மா வீடியோ ஒன்று தானாக வந்தது. ஆந்திரத்துப் பாட்டி. கொள்ளுப்பேரன்தான் படம் பிடித்து கன்ட்ரி ஃபுட்ஸ் சேனலில் போட்டான். தர்பூசணிப் பழத்தைக் குடைந்து அதற்குள் கோழி வைத்துச் சமைத்தாரே, அவரேதான். 2018 டிசம்பரில் காலமானபோது 107 வயது என்றார்கள்.

தெலுங்கு எனக்கு அரைகுறை, அத்தைக்கு அதுவும் கிடையாது. அதனால் இருவரும் கையைத்தான் பார்த்தோம். தோல் சுருங்கிய விரல்கள். இஞ்சியை எடுத்தார். கத்தி தேடவில்லை. கட்டைவிரல் நகத்தால் சரக் சரக்கென்று தோலைச் சுரண்டினார். முடிச்சு இருக்கிற இடத்தில் நகம் வளைந்து உள்ளே போய் வெளியே வந்தது. என் மாவுக்கட்டுக்குள் விரல்கள் கூடவே அசைய, சுருக்கென்று வலித்தது.

அத்தை எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து இஞ்சி வாசனை. போய்ப் பார்த்தால், தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். 'எங்கம்மா இப்படித்தான் செய்வா. பீலரு வந்தப்புறம் மறந்தே போச்சு.' பாதி இஞ்சி முடிந்ததும் நகக்கண் எரிகிறதென்று தண்ணீருக்குள் கையை விட்டுக்கொண்டார். மீதியை இவர் பீலரில் சீவினார். சாயந்தரம் மூன்று பேருக்கும் இஞ்சி டீ. காரம் கொஞ்சம் தூக்கல்.

ஜூலை 15, செவ்வாய்

காலையில் கட்டைப் பிரித்தார்கள். கை என்னுடையது மாதிரியே இல்லை. மெலிந்து, தோல் உரிந்து, வேறு யார் கையையோ ஒட்டவைத்தது போல. ஸ்பாஞ்ச் பந்தை நாளுக்கு மூன்று வேளை அமுக்கச் சொல்லியிருக்கிறார்கள். முழுசாக மூட வரவில்லை. கரண்டி பிடிக்க இன்னும் நாளாகும்.

பந்தை அமுக்கிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். டிவியை அணைத்தாயிற்று. அடுப்படியில் இவர் கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு. கேட்பதற்கு ஆளிருக்கிறது என்று தெரிந்துகொண்டே கத்துகிறார்.

'வெந்தயம்!'

சோபாவிலிருந்து அத்தை, 'ம்.'

'சின்ன வெங்காயம்!'

'ம்.'

'மல்லித்தூள்! மிளகாய்த்தூள்!'

'ம். பச்சை வாசனை போச்சா?'

கொஞ்ச நேரம் சத்தமில்லை. குனிந்து மோந்து பார்க்கிறார் போலிருக்கிறது.

'போயிருச்சும்மா!'

'உப்பு?'

டப்பா மூடி திறக்கிற சத்தம் கேட்டது.