நின்றே கிடக்கும் காருக்கு எந்த பிரேக் பேட்?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று எங்கள் பக்கத்து ஊர்களில் ஓடுகிற கார்களுக்குச் சமமாக நிற்கிற கார்களும் உண்டு. வீட்டுக்காரர்கள் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருப்பார்கள். கல்யாணம், படைப்பு, கும்பாபிஷேகம் என்று ஏதேனும் ஒன்று வரும்போது ஊருக்கு வந்து, கொட்டகையில் மாதக்கணக்கில் நின்ற காரை எடுத்துக்கொண்டு, மறுவாரமே குழந்தைகளுடன் கொடைக்கானலுக்கும் ஏறிவிடுவார்கள். என் காரும் ஏறத்தாழ இந்த இனம்தான்: முன்சக்கரங்களில் டிஸ்க்கும் பின்சக்கரங்களில் டிரம்மும் உள்ள, வயதான ஒரு சிறிய ஹேட்ச்பேக். அண்மையில் அதன் முன்சக்கரங்களுக்குப் பேட்களை, அதாவது சுழலும் டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடித்து வண்டியை நிறுத்தும் கட்டைகளை, மாற்றினேன். பேட் வாங்குவதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் நாள்தோறும் நகர நெரிசலில் ஓடும் காரையோ, வேகப் பந்தயத்துக்குப் போகும் காரையோ மனத்தில் வைத்து எழுதுகிறார்கள். நம்முடைய தேவை இரண்டிலும் சேராது என்பதால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

சமவெளியில் பிரேக்குக்கு வேலை மிகக் குறைவு. ஆட்களுடன் சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து முழுதாக நிற்கும்போது பிரேக் விழுங்கும் ஆற்றல், மின்கணக்கில் சொன்னால், ஒரு யூனிட்டில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அதே கார் 2,000 மீட்டருக்கு மேல் உயரத்திலுள்ள கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கு இறங்கினால், ஏறக்குறைய ஆறு யூனிட் அளவுக்கு ஆற்றலை எங்கேயாவது கரைத்தாக வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சினும் காற்றும் ஏற்றுக்கொள்ளும். நியூட்ரலில் இறக்கிவிட்டால் எஞ்சின் ஏற்றிருக்க வேண்டிய பங்கும் முன்சக்கரங்களின் நான்கு பேட்களையும் பின்புற டிரம்களையும் சேரும். ஆகவே நமக்கு வேண்டிய பேட், நெடுநாள் நின்ற பிறகும் குளிர்ந்த நிலையில் முதல் மிதியிலேயே பிடிக்க வேண்டும். எப்போதோ ஒருமுறை வரும் மலை இறக்கத்திலும் கைவிடக் கூடாது.

கடையில் கிடைப்பவற்றை ஆர்கானிக், செமி மெட்டாலிக், செராமிக் என்று மூன்றாகச் சொல்வார்கள். ஆர்கானிக் பேட் மென்மையானது, சத்தமில்லாதது, விலையும் குறைவு. ஆனால் விரைவில் தேயும், கடுஞ்சூட்டில் பிடிப்பு தளரும். செமி மெட்டாலிக் பேட்டில் இரும்பு நாரும் பிற உலோகத் தூள்களும் நிறைய இருப்பதால் சூட்டை நன்றாகத் தாங்கும். மலையடிவாரத்தில் வாடகைக்கார் ஓட்டுபவருக்கு நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நிற்கும் காரில் அந்த இரும்பு நாரே துருப்பிடித்து, வார்ப்பிரும்பு டிஸ்க்கோடு பேட்டை ஒட்டவைத்துவிடுவதுண்டு. துரு எப்படிப் பிடிக்கிறது என்று ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இயங்கிவரும் காரைக்குடிப் பக்கம் இருந்துகொண்டு இதைப் புறக்கணிப்பது முறையல்ல. செராமிக் பேட்டில் தூசு குறைவு, சத்தமும் குறைவு, டிஸ்க்கையும் அதிகம் தின்னாது. விலைதான் கூடுதல், வருடத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிக்கு அந்தக் கூடுதல் விலையில் பெரிய பயன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கார் தயாரிப்பாளர் முதலில் எந்த வகையைப் பொருத்தினாரோ அதே தரத்தை வாங்கினேன்.

அதற்காகக் கார் கம்பெனியின் பெயர் அச்சிட்ட பெட்டிதான் வேண்டும் என்பதில்லை. கார் கம்பெனிகளுக்குப் பேட் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் பெயரிலும் அவற்றை விற்கின்றன; சென்னை பாடியில் 1962இல் தொடங்கப்பட்ட பிரேக்ஸ் இந்தியா அவற்றுள் ஒன்று, ரானே மற்றொன்று. பெயரைவிடப் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பது முக்கியம். பல பேட்களின் ஓரத்திலோ பின்தகட்டிலோ ஓர் எண்வரிசையும் அதன் இறுதியில் எஃப்எஃப், ஜிஎஃப் என்பது போன்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பநிலையில் உராய்வுக் கெழுவையும் (பிடிப்பின் அளவையும்), இரண்டாவது எழுத்து சூடேறிய நிலையில் அது எவ்வளவு என்பதையும் குறிக்கும். இ என்றால் 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. இரண்டாவது எழுத்து முதலாவதைவிடத் தாழ்ந்திருந்தால், அந்தப் பேட் சூட்டில் தளரக்கூடியது என்று பொருள். இந்த எழுத்துகள் தேய்மானத்தையோ தரத்தையோ பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எங்கள் ஊர்க் கடையொன்றில் பாதி விலைக்கு நீட்டப்பட்ட ஒரு பேட்டில் எழுத்துமில்லை, தயாரிப்பு எண்ணுமில்லை. பின்தகட்டின் பெயின்ட் நகம் பட்டதும் உரிந்து வந்தது. பெட்டியோடு திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மாற்றும் வேலையை எப்போதும் போகும் ஒர்க்‌ஷாப்பிலேயே வைத்துக்கொண்டேன். இடது சக்கரத்தைக் கழற்றியதும் ஒரு செய்தி தெரிந்தது: வெளிப்புறப் பேட்டில் ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையாமல் உராய்பொருள் மிச்சமிருக்க, உட்புறப் பேட் இரண்டு மில்லிமீட்டருக்கும் கீழே, அதுவும் ஒரு பக்கம் சரிந்து, ஆப்பு வடிவில் தேய்ந்திருந்தது. இந்தத் தேய்மானத்துக்குப் பேட்டைக் குறை சொல்ல முடியாது. பேட்களை டிஸ்க்கின் மேல் அழுத்தும் கவ்வியான காலிப்பர் நழுவி நகர வேண்டிய இரண்டு பின்களில் (கம்பிகளில்) ஒன்று காய்ந்த கிரீசும் துருவும் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. புதுப் பேட்டை மட்டும் செருகி அனுப்பியிருந்தால் அதுவும் அதே கோணத்தில்தான் தேய்ந்திருக்கும். பின்னைக் கழற்றித் துருவைத் தேய்த்தெடுத்து, ரப்பருக்குத் தீங்கு செய்யாத சிலிக்கான் வகை பிரேக் கிரீசைத் தடவச் சொன்னேன். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீசைத் தடவினால் ரப்பர் உறை ஊதி, அந்தப் பின் முன்னைவிட மோசமாக இறுகும். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் விளிம்பிலோ நடுப்பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கு மேல் இருப்பதை உறுதிசெய்துகொண்டோம். மேலோட்டமான கீறல்களுக்காக டிஸ்க்கை லேத்தில் கொடுத்துக் கடைவது தேவையற்றது.

புதுப் பேட்டுக்கு இடம் விட, பேட்டை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் தொட்டியில் மட்டம் உயரும். வழிந்தால் பெயின்டை அரித்துவிடும். அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்ற தர வகை ஆயிலுக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் சேர்ந்த நிலைக்கு விதிக்கப்பட்ட அளவோ 155 டிகிரிதான். கார் நின்றாலும் ஓடினாலும் ஈரம் ஏறும் என்பதால், கிலோமீட்டரைப் பார்க்காமல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. மலை இறக்கத்தில் பெடல் திடீரென்று அடிவரை போவதற்குப் பெரும்பாலும் கொதித்த ஆயிலே காரணம்.

வண்டியை எடுக்கும்போது, “அண்ணே, சும்மா ஒரு இருநூறு முந்நூறு கிலோமீட்டர் ஓட்டுங்க, தன்னால செட் ஆயிரும்” என்றார் மெக்கானிக். நாள்தோறும் நெரிசலில் நின்று நின்று போகும் காருக்கு அது பொருந்தும். நம் சாலைகளில் முந்நூறு கிலோமீட்டர் ஓடினாலும், பிரேக்கை அழுத்தமாக மிதிக்க வேண்டிய நேரங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. பேட் மேலோட்டமாக உரசி உரசிப் பளபளப்பேறிவிடுமே தவிர, செட் ஆகாது.

செட் ஆவது என்பதில் இரண்டு காரியங்கள் உள்ளன. பேட்டிலுள்ள பிசின், முதல் முறையாகச் சூடேறும்போது வாயுவை வெளிவிடும். அது கட்டுப்பாடான சூட்டில் வெளியேறிவிட வேண்டும். பிறகு, பேட்டின் உராய்பொருளிலிருந்து மிக மெல்லிய ஒரு படலம் டிஸ்க்கின் மேல் சீராகப் படிய வேண்டும். செட்டிநாட்டு வீட்டுச் சுவரின் சுண்ணாம்புப் பூச்சைப் போல, மெல்லிய படலம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறினால்தான் அது நிற்கும். ஒரே மிதியில் தடித்த படலத்தை ஏற்ற முயன்றால் திட்டுத் திட்டாகத்தான் ஒட்டும். அந்தத் திட்டுகள்தான் பின்னர் பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங்கில் நடுக்கமாகத் தெரியும். “டிஸ்க் வளைஞ்சுருச்சு” என்று பணம் வாங்கி மாற்றப்படும் டிஸ்க்குகளில் பல, வளைந்தவையே அல்ல.

இதற்கு விடியற்காலையையும், ஊரைத் தாண்டி நேராகக் கிடக்கும் சாலையையும் தேர்ந்தெடுத்தேன். தை மாதமாக இருந்தால் குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியே பழநிக்குக் காவடியோடு நடப்பவர்கள் சாலை முழுவதும் இருப்பார்கள். அந்தத் திசைக்கே போகக் கூடாது. புறப்படும் முன், வண்டி நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ள வேண்டும். பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருப்பதால் முதல் மிதி வெறுமையாகத்தான் போகும். பின்னால் வண்டி எதுவும் இல்லை என்று கண்ணாடியில் உறுதிசெய்துகொண்டு, மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை, நடுத்தர அழுத்தத்தில், சீராக வேகத்தைக் குறைக்க வேண்டும். முழுதாக நிறுத்தக் கூடாது. அரை நிமிடம் ஓடவிட்டு, மறுபடியும் அதேபோல எட்டு அல்லது பத்து முறை. பேட் உற்பத்தியாளர் பெட்டியில் வேறு முறை அச்சிட்டிருந்தால் அதுவே மேலானது. நடுவில் லேசாகக் கருகிய வாடை வரும். அது அந்தப் பிசினின் வாடை, அஞ்ச வேண்டியதில்லை. முடிந்ததும் கால் மணி நேரம் பிரேக்கை இயன்றவரை தொடாமல் ஓட்டிக் காற்றில் ஆறவிட வேண்டும். சூடான டிஸ்க்கைப் பேட்டால் இறுகப் பிடித்தபடி நின்றால், பிடித்த இடத்தில் பேட்டின் அச்சு அப்படியே பதிந்துவிடும். ரயில்வே கேட் குறுக்கிடும் சாலையை இதற்காகவே தவிர்த்தேன்.

ஆறிய பிறகு சக்கர இடுக்கு வழியே டார்ச் அடித்துப் பார்த்தால், டிஸ்க்கின் முகம் கண்ணாடி மினுமினுப்பை இழந்து, ஒரே சீரான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். வட்டமாக ஒரு பட்டை மட்டும் பளிச்சென்று மின்னினால், அந்தப் பகுதியில் பேட் முழுதாகப் படியவில்லை என்று அறிந்து, இன்னும் சில முறை அதையே செய்யலாம். இறுகியிருந்த பின்னைச் சரிசெய்த பக்கத்தில் மட்டும், டயர் சுழற்சிக்குச் சக்கரத்தைக் கழற்றும் அடுத்த முறை, உள்பேட்டும் வெளிப்பேட்டும் ஒரே அளவில் தேய்ந்துவருகின்றனவா என்று அளந்து பார்க்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.