டிரெஸ்டனைக் காலி செய்துவிட்டு வந்தபோது

2024 செப்டம்பர் கடைசியில் இரண்டு வருட முதுகலைப் படிப்பை முடித்துக்கொண்டு ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்திலிருந்து ஊர் திரும்பினேன். போகும்போது விசா, வங்கிக் கணக்கு, தங்குமிடம் என்று எல்லாவற்றுக்கும் வழி சொல்ல சீனியர்கள் இருந்தார்கள். திரும்பி வருவதைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிக்கெட் போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன்.

முதல் சிக்கல் வீட்டில். ஜூன் கடைசியில், செப்டம்பரோடு காலி செய்கிறேன் என்று வீட்டுக்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துத்தான் பதில் வந்தது: மின்னஞ்சல் செல்லாது, கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும். சட்டமே அப்படித்தான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். வாடகைதாரர் மூன்று மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்தக் கடிதம் மாதத்தின் மூன்றாவது வேலை நாளுக்குள் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் அந்த மாதம் கணக்கில் வரும். எனக்கு ஜூலை தவறிவிட்டது. அக்டோபர் வாடகையும் நான்தான் கட்ட வேண்டும்.

அன்று இரவு தூக்கமே இல்லை. கூட இருந்த தோழிதான் "உனக்குப் பதிலாக நாமே ஆள் பார்த்துக் கொடுக்கலாம்" என்றாள். அதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் வீட்டுக்காரருக்கு இல்லை, ஆனாலும் கேட்டுப் பார்த்தோம். அக்டோபரில் படிப்பைத் தொடங்கும் ஒரு பையன் கிடைத்தான், வீட்டுக்காரரும் சம்மதித்தார். கடிதத்தை நேரத்துக்கு அனுப்பியிருந்தால் அந்த மூன்று வாரப் பதற்றம் இருந்திருக்காது.

அடுத்தது 'அப்மெல்டுங்'. ஊரை விட்டுப் போகிறேன் என்று நகர அலுவலகத்தில் பதிவை நீக்குவது. கிளம்புவதற்கு ஒரு வாரத்துக்கு முன்புதான் செய்ய முடியும், கிளம்பி இரண்டு வாரத்துக்குள் முடித்தாக வேண்டும். அவர்கள் தரும் அந்த ஒற்றைத் தாளைப் பத்திரமாக ஸ்கேன் செய்து வையுங்கள். வானொலி, தொலைக்காட்சிக்கென்று அங்கே வீட்டுக்கு மாதாமாதம் ஒரு கட்டணம் உண்டு (அப்போது 18.36 யூரோ), அதை நிறுத்த அந்தத் தாள்தான் ஆதாரம். எங்கள் வீட்டில் அந்தக் கட்டணம் என் பெயரில் இருந்தது. நான் நிறுத்தியதும் தோழி தன் பெயரில் பதிவு செய்துகொண்டாள்.

பட்டச் சான்றிதழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு போ, போதும்" என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆவணம் உண்மையானது என்று அதை வழங்கிய நாடே தரும் சான்று அது. அதற்கான சர்வதேச ஒப்பந்தத்தில் உள்ள மற்ற பல நாடுகளுக்கு அது சரி. ஆனால் 2005இல் இந்தியா அந்த ஒப்பந்தத்தில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் இந்த இரண்டு நாடுகளுக்கு இடையே அது செல்லாது. சான்றொப்பம் தேவைப்படும் என்று தோன்றினால், அங்கே இருக்கும்போதே இந்தியத் தூதரகத்தில் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் செப்டம்பர் 11 விடிந்தது. எழுந்து போனைப் பார்த்தால், அதிகாலையில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி எல்பே ஆற்றில் விழுந்துவிட்டது. ட்ராம் தண்டவாளம் இருந்த பகுதி. நான் இரண்டு வருடமாக மூன்றாம் எண் ட்ராமில் பல்கலைக்கழகத்துக்குப் போய்வந்த பாதை அது. யாருக்கும் காயமில்லை என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது.

மாலையில் கீழ்வீட்டு அம்மாவோடு ஆற்றங்கரைக்குப் போனேன். எழுபது வயதைத் தாண்டியவர். நான் வகுப்பில் இருக்கும்போது வரும் பார்சல்களை வாங்கி வைப்பவர். நான் பேசும் ஜெர்மன் மொழியைப் பொறுமையாகத் திருத்தியவரும் அவர்தான். பாலத்தை 1971இல் திறந்தபோது அதன்மேல் நடந்துபோனதாகச் சொன்னார். கரையெங்கும் ஆட்கள் பேச்சில்லாமல் நின்றிருந்தார்கள். துக்க வீட்டில் நிற்பது போல நானும் நின்றேன். இந்த ஊர் என் ஊராகவும் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தெரிந்தது, அதுவும் கிளம்பப் பதினேழு நாள் இருக்கும்போது.

அந்தப் பதினேழு நாளும் தாள்களிலேயே போயிற்று என்பதுதான் என் வருத்தம். பொருள்களை ஒரு பெட்டியில் போட்டு 'வேண்டுவோர் எடுத்துக்கொள்ளலாம்' என்று எழுதித் தெருவில் வைத்தேன். காலி பாட்டில்களைக் கடை மெஷினில் போட்டுப் பாட்டிலுக்கு 25 சென்ட் வாங்கினேன். சுவருக்கு வெள்ளை அடித்து, ஒவ்வொரு மூலையையும் போட்டோ எடுத்து, சாவியைக் கொடுக்கும்போது அறையின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். கடைசியாகத் தபால் பெட்டியிலிருந்து என் பெயர்ச் சீட்டை உரித்தேன். அங்கே பெட்டியில் பெயர் இல்லாவிட்டால் கடிதம் வராது. கீழ்வீட்டு அம்மா மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தார். அவரிடம் நேரில் விடைபெற முடியவில்லை. நீங்கள் போகும்போது கடைசிப் பத்து நாளைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். காகித வேலை எல்லாம் அதற்கு முன்பே முடியட்டும்.

வீட்டுக்கு வந்து முதல் வாரம் எல்லோரும் ஆசையாகக் கேட்டார்கள். இரண்டாவது வாரம் யாரும் கேட்கவில்லை. அவர்கள்மேல் தப்பில்லை, அவர்கள் காணாத வாழ்க்கை அது. ஆனால் எனக்குள் பேச்சு தீரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அதிகம் தெரிந்தது. கடையெல்லாம் பூட்டி, ஊரே அமைதியாக இருக்கும் அந்த ஞாயிறுக்கு ஏங்குவேன் என்று நினைத்ததே இல்லை. அங்கே படித்துத் திரும்பிய இன்னொரு பெண்ணோடு வாரம் ஒருமுறை போனில் ஜெர்மனில் பேசத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாயிற்று.

வீட்டு அட்வான்ஸ் பிப்ரவரியில்தான் வந்தது. தண்ணீர், வெப்பக் கணக்கு முடியும்வரை ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருந்தார்கள். அதற்காகவே அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாமல் விட்டிருந்தேன், நல்லதாகப் போயிற்று. பகுதி நேர வேலையில் பிடித்த வரியைக் கேட்டு விண்ணப்பிக்க நான்கு வருடம் அவகாசம் உண்டு. அதுவும் அந்தக் கணக்குக்குத்தான் வரும்.

அதே மாதம் கீழ்வீட்டு அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நான் எழுதிய அஞ்சலட்டைக்குப் பதில். கையெழுத்து புரியாமல் எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். புதுப் பையனின் பார்சல்களையும் தானே வாங்கி வைப்பதாக எழுதியிருந்தார். கடிதத்தின் ஓரத்தில், நான் எழுதியதில் இருந்த இரண்டு பிழைகளைத் திருத்தியிருந்தார்.