ஊருக்காகத் தொழில் நடத்துபவர்களுக்கு கோச்: நான் வந்த வழி

என்ன படித்தால் இந்த வேலைக்கு வரலாம் என்று அடிக்கடி கேட்கிறார்கள். ஃபோனில் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் எழுதிவிடுகிறேன். கோச் என்றால் அறிவுரை சொல்லாமல், எதிரே இருப்பவர் தானே யோசித்துத் தன் பதிலுக்குப் போய்ச் சேரக் கேள்விகளோடு துணையாக உட்காருகிறவர். நான் கோச்சாக இருப்பது லாபத்தோடு வேறொரு காரியத்தையும் தோளில் போட்டுக்கொண்டு தொழில் நடத்துகிறவர்களுக்கு. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களின் சி.இ.ஓ.க்கள், கைத்தறி நெசவாளர்களை வைத்துத் தொழில் செய்யும் பெண்கள், அப்பாவின் பனியன் கம்பெனியைக் கையில் எடுத்துக்கொண்டு இதைக் கொஞ்சம் நியாயமாக நடத்த வேண்டும் என்று நினைக்கிற இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகள், இப்படி.

நான் பி.காம். படித்துவிட்டுத் திருப்பூரில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் சேர்ந்தவள். ஷிப்மென்ட், பையர், பேங்க் லிமிட் என்று ஓடிய காலம். 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது அந்த ஊரில் இருந்த எல்லோருக்கும் நினைவிருக்கும். துணி வெளியூர் போய்ச் சாயம் ஏறி வந்தது, ஆர்டர் தள்ளிப்போனது, செலவு ஏறியது. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை சரிதான் என்று எங்கள் முதலாளி வெளிப்படையாகவே சொல்வார், ஆனால் அதே மனிதர்தான் சனிக்கிழமை சம்பளத்துக்கு யாரிடம் கேட்பது என்றும் தெரியாமல் இருந்தார். சாயங்காலம் கணக்கு அறைக்கு வந்து என் எதிரே உட்கார்ந்துகொள்வார். நான் கேஷ் ஃப்ளோ ஷீட்டைத் திருப்பிக் காட்டுவேன். அதைப் பார்க்கவே மாட்டார். ஆட்களை அனுப்பாமல் இதைத் தாண்ட முடியுமா, ஆற்றைக் கெடுத்த தொழிலில் என் பங்கு என்ன, என் பையனை இதற்குள் இழுக்கலாமா என்று அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போவார். வீட்டில் பேச முடியாது, பயந்துவிடுவார்கள். சங்கத்தில் பேசினால் கம்பெனி ஆட்டம் காண்கிறது என்று மறுநாளே பேங்க் வரை செய்தி போய்விடும். நான் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்த இடத்தில் உட்காருவதுதான் என் வேலை என்ற எண்ணம் அப்போதுதான் முளைத்தது. அப்படி ஒரு தொழில் இருக்கிறதென்று தெரிய இன்னும் சில வருடம் ஆனது.

அப்புறம் கல்யாணம், மதுரை. அங்கே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் கணக்கும் சட்ட வேலைகளும் பார்த்துக் கொடுக்கும் ஒரு அமைப்பில் சேர்ந்தேன். இந்த நிறுவனங்களைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 2002-ல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி விவசாயிகளே பங்குதாரர்களாக ஒரு கம்பெனி தொடங்க வழி செய்தார்கள். பத்து விவசாயிகள் சேர்ந்தால் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான், இருபது ஏக்கர்காரருக்கும் அரை ஏக்கர்காரருக்கும் ஒன்றுதான். முழுநேர சி.இ.ஓ. ஒருவர் இருந்தே ஆக வேண்டும் என்பதும் சட்டத்திலேயே இருக்கிறது. 2020-ல் மத்திய அரசு புதிதாகப் பத்தாயிரம் நிறுவனங்களைத் தொடங்கத் திட்டம் போட்டபோது ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் வரை நிர்வாகச் செலவுக்கு என்று ஒதுக்கியது. சி.இ.ஓ. சம்பளமும் அதற்குள்தான். மூன்று வருடம் முடிந்ததும் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

அந்த சி.இ.ஓ. பெரும்பாலும் விவசாயம் படித்த இருபத்தைந்து, முப்பது வயதுப் பிள்ளை. அவருக்கு மேலே ஐந்து முதல் பதினைந்து இயக்குநர்கள், பாதிப் பேர் அப்பா வயதுக்காரர்கள். உறுப்பினர் கேட்பது மண்டியைவிடக் கூடுதல் விலை, வாங்குகிறவர் கேட்பது மண்டியைவிடக் குறைந்த விலை, நிதி கொடுத்தவர் கேட்பது அறிக்கை. இந்த மூன்றுக்கும் நடுவில் அந்தப் பிள்ளை நசுங்குகிறார். ஆலோசகர்களும் பயிற்சி முகாம்களும் ஏராளமாக வருகிறார்கள், பிசினஸ் பிளான் எழுதிக் கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, இவர் யோசிப்பதற்குத் துணையாக உட்கார ஆளில்லை. திருப்பூரில் நான் பார்த்த அதே நாற்காலி இங்கேயும் காலியாகத்தான் கிடந்தது.

சரி, வழிக்கு வருகிறேன். இந்தியாவில் கோச் ஆக எந்த லைசென்ஸும் வேண்டாம், நாளைக்கே போர்டு மாட்டலாம். அதனால்தான் முறையாகப் படிக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். 1995-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். (இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன்) என்ற சர்வதேச அமைப்பின் சான்றிதழ்தான் பரவலாக ஏற்கப்படுகிறது. அதில் ஏ.சி.சி., பி.சி.சி., எம்.சி.சி. என்று மூன்று படி. முதல் படிக்கு 60 மணி நேர வகுப்பு, 100 மணி நேரம் உண்மையான ஆட்களோடு கோச்சிங், அதில் 75 மணி நேரம் அவர்களிடம் வாங்கும் கட்டணத்தோடு, குறைந்தது 8 பேர். கூடவே நம் உரையாடலைக் கேட்டுத் திருத்துகிற மென்டர் கோச்சோடு 10 மணி நேரம், அதை ஒரே மாதத்தில் முடித்துவிட முடியாது, மூன்று மாதமாவது பரந்திருக்க வேண்டும். இரண்டாம் படிக்கு 125 மணி நேர வகுப்பு, 500 மணி நேர கோச்சிங், அதில் 450 கட்டணத்தோடு, குறைந்தது 25 பேர். 2020 ஊரடங்கில் வகுப்புகளெல்லாம் ஜூமுக்கு மாறியது எனக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். பெங்களூருக்கும் மும்பைக்கும் போய்த் தங்கிப் படிக்கும் நிலையில் நான் இல்லை. வகுப்புக் கட்டணம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் ஆனது, சேமிப்பிலிருந்து எடுத்தேன். வேலையை விடவில்லை. விடாதீர்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்கிறேன், வாடகைக் கவலையோடு உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் பேச்சு காதில் விழாது.

கட்டணத்தோடு என்ற நிபந்தனையைப் பார்த்துப் பலர் மலைக்கிறார்கள், என்னைப் போலக் கிராமப்புற நிறுவனங்களோடு வேலை செய்கிறவர்கள் குறிப்பாக. அவர்களிடம் காசு ஏது? ஆனால் விதியைக் கவனமாகப் படியுங்கள். தொகை எவ்வளவு என்று ஐ.சி.எஃப். பார்ப்பதில்லை, பண்டமாற்று கூடச் செல்லும். என் முதல் மணி நேரங்களில் சில செக்குக் கடலை எண்ணெயாக வந்தவை. ஐந்து லிட்டர் கேன், மேலே பழைய செய்தித்தாள் சுற்றிச் சணல் கட்டு, தேனி பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புவார்கள். நான் ஆரப்பாளையத்தில் போய் வாங்கிக்கொண்டு வருவேன். எதையாவது கொடுத்துவிட்டுப் பேசுகிறவர் நேரத்துக்கு வருகிறார், இலவசமாகப் பேசுகிறவர் ஒத்திப்போடுகிறார். அது பணத்தின் அளவால் வருவதில்லை என்பதை அந்த எண்ணெய் கேன்களில் கண்டேன்.

வகுப்பில் முதல் நாளே சொல்லிவிடுவார்கள், அறிவுரை உங்கள் வேலை இல்லை என்று. கணக்கு வேலையில் வளர்ந்த எனக்கு இது முற்றிலும் புதிய பழக்கம். ஆடிட்டர் அலுவலகத்திலும் அக்கவுண்ட்ஸிலும் பதில் சொல்கிறவருக்குத்தான் மரியாதை. இங்கே எதிரே இருப்பவர் தன் பதிலுக்குத் தானே போய்ச் சேரும் வரை பொறுத்திருக்க வேண்டும், அதுவும் தூங்கிக்கொண்டு அல்ல, குரல் எங்கே தழைகிறது, எந்த வார்த்தை மூன்றாவது முறை வருகிறது என்று பார்த்துக்கொண்டு. நான் கோச்சிங் செய்வது தமிழில். மென்டருக்குத் தமிழ் தெரியாது. அதனால் ஆளின் அனுமதியோடு பதிவு செய்த உரையாடலை நானே வார்த்தைக்கு வார்த்தை எழுதி, ஆங்கிலத்தில் பெயர்த்து அனுப்புவேன். ஒரு மணி நேரப் பேச்சுக்கு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும். ஆனால் இந்தப் பயணத்தில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அந்த ஞாயிறுகள்தான். காதால் கேட்கும்போது நழுவுவது எழுதும்போது நிற்கிறது. ஒருவர் "அது பரவாயில்லைக்கா" என்று ஒரே உரையாடலில் ஐந்து இடத்தில் சொல்லியிருப்பார், ஐந்தையும் அடிக்கோடிட்டால் பரவாயில்லாத எதுவும் அதில் இருக்காது.

ஒரு சம்பவத்தைச் சொன்னால் புரியும். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுக்கொண்டு, அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். கடலை எண்ணெய் ஆட்டி விற்கும் ஒரு உற்பத்தியாளர் நிறுவனத்தின் சி.இ.ஓ. உறுப்பினர்களுக்குக் கூடுதல் விலை கொடுக்க வேண்டும் என்று இயக்குநர்கள் தீர்மானம் போட்டுவிட்டார்கள், கையில் பணமில்லை, அதைப் பேச வந்தார். பேச்சோடு பேச்சாக "சம்பளம் எடுத்து எட்டு மாசம் ஆச்சுக்கா, அது பரவாயில்லை" என்று கடந்துபோனார். அதில் பெருமையும் இருந்தது. தியாகம் என்று பாராட்டி நகர்வது சுலபம், அவரைச் சுற்றியிருந்த எல்லோரும் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி: "உங்க இடத்துல சம்பளத்துக்கு ஒருத்தரை வெச்சா, கம்பெனி தாங்குமா?"

நீண்ட நேரம் பேச்சில்லை. பின்னால் செக்கு ஓடும் சத்தம் மட்டும் ஃபோனில் கேட்டது. அப்புறம், "தாங்காதுக்கா. அப்போ நாங்க விக்கிற விலையே பொய்யா?" என்றார். மறு சந்திப்புக்கு வரும்போது தாளில் கணக்குப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். சி.இ.ஓ. சம்பளத்தைச் செலவில் சேர்த்தால் லிட்டருக்கு ஆறு ரூபாய் சொச்சம் கூடுகிறது. அதை இயக்குநர்கள் முன் வைப்பது எப்படி, தலைவர் ஐயா கோபப்பட்டால் என்ன செய்வது என்று மீதி நேரம் முழுக்க அவரே பேசினார். விலை ஏறியது, கூடுதல் கொள்முதல் விலையை அந்தப் பருவத்துக்குப் பாதியாக்கினார்கள், அவருக்குச் சம்பளம் வர ஆரம்பித்தது. என் கணக்கு அனுபவம் அங்கே பதிலாக வரவில்லை, கேள்வியாக வந்தது. நல்ல காரியத்துக்காகத் தொழில் நடத்துகிறவர்களோடு உட்காரும்போது பணத்தைப் பற்றிக் கூச்சமில்லாமல் கேட்கத் தெரிய வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். நோக்கத்தைப் பாராட்ட நூறு பேர் இருக்கிறார்கள். வரவு செலவையும் நோக்கத்தையும் ஒரே மேஜையில் வைத்துப் பேச இடம் கொடுப்பவர்தான் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

காசு வாங்கினால் சேவையின் தூய்மை போய்விடும் என்று தவிப்பவர்கள் என்னிடம் நிறைய வருகிறார்கள். மதுரைக்காரர்களாக இருந்தால் பெரும்பாலும் அவர்களே அரவிந்த் கண் மருத்துவமனையைப் பேச்சில் இழுத்துவிடுவார்கள். அரசுப் பணியில் 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல் 11 படுக்கையோடு தொடங்கியது, பணம் கட்டுகிறவர்கள் கட்டுவதில்தான் கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை சிகிச்சை நடக்கிறது. ஊருக்குள்ளேயே இப்படி ஒன்று கண்ணெதிரே நிற்பது எவ்வளவு பெரிய தைரியம் என்று பார்க்கிறேன்.

இந்த வழியில் எனக்கு மிகவும் வலித்த இடம் ஒன்று உண்டு. சமூகத் தொழில்முனைவோருக்கு நிதி கொடுக்கும் ஓர் அமைப்பு தன் நிறுவனங்களின் தலைவர்களுக்கு என்னை கோச்சாக அமர்த்தியது. யார் என்ன பேசினார் என்று நான் சொல்ல மாட்டேன், எத்தனை முறை சந்தித்தோம் என்பதை மட்டும் தெரிவிப்பேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தோம். இரண்டாம் மாதமே ஃபோன் வந்தது: "அந்தப் பொண்ணு கம்பெனியை விட்டுட்டுப் போயிடுவாங்களா மேடம், உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே." சொல்ல மாட்டேன் என்றேன். அடுத்த தவணை நிதி அதைப் பொறுத்தது என்றார்கள். அப்படியானால் அவரையே கேளுங்கள் என்றேன். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. அன்றைக்கு அது என் வருமானத்தில் பாதி. ஆனாலும் அந்த ஒரு விஷயத்தில் வளைந்து கொடுத்தால் மிச்சமிருப்பது உளவு வேலைதான். இப்போதெல்லாம் நிதி தருபவர், தலைவர், நான் மூவரும் முதலில் ஒன்றாக உட்கார்ந்து, எது வெளியே போகும் எது போகாது என்று மூவர் காதிலும் விழும்படி பேசிவிட்டுத்தான் தொடங்குகிறேன். காசோலை கொடுக்கிறவர் தலையை ஆட்டுகிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

இரண்டாம் படியான பி.சி.சி.க்கு ஒரு தேர்வும் எழுத வேண்டும், அதைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. 78 சூழ்நிலைகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில், எது மிகச் சிறந்தது எது மிக மோசம் என்று இரண்டையும் குறிக்க வேண்டும். மனப்பாடம் உதவாது. மணிக்கணக்கில் ஆட்களோடு உட்கார்ந்தவர்களுக்கு மோசமான பதில் பார்த்ததுமே தெரியும். நான்கில் இரண்டு நன்றாகவே இருக்கும்போதுதான் நேரம் போகும்.

வருமானத்துக்கு வருவோம், யாரும் இதை எழுதுவதில்லை. திருப்பூர், கோவை கம்பெனிகளிடம் முழுக் கட்டணம் வாங்குகிறேன், அது இல்லாமல் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் செய்ய முடியாது. சேவை வருமானம் ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம், 18 சதவீதம் சேர்த்து பில் போட வேண்டும் என்பதை ஒப்பந்தம் பேசும்போதே நினைவில் வையுங்கள். மாதச் சம்பளத்தை முழுதாக விட எனக்குச் சில வருடங்கள் ஆயின. கோச்சிங் வருமானம் வீட்டுச் செலவைத் தொடர்ந்து ஒரு வருடம் தாங்கியதைக் கணக்கில் பார்த்த பிறகுதான் விட்டேன்.

இன்னொன்று, தூக்கம் வரவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் அங்கே கோச்சின் எல்லை முடிகிறது. மனநல மருத்துவர் இருவரின் எண்ணைக் கையில் வைத்திருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். வறட்சி வருடங்களில் அடிக்கடி தேவைப்படுகிறது.

இப்போது தேனி, திண்டுக்கல் பக்கத்து சி.இ.ஓ.க்கள் சிலரைச் சேர்த்து மாதம் ஒருமுறை குழுவாகவும் உட்காருகிறோம். ஒருவர் பிரச்சினையைச் சொல்ல, மற்றவர்கள் யோசனை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்க வேண்டும் என்பது விதி. அறுவடை நேரத்தில் யாராலும் வர முடியாது, அதனால் அடுத்த குழு பொங்கல் கழித்து. இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்கள் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க விரும்பினால், குழுவினரிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.