ஏ9 வீதியோரம் மரங்கொத்தி பார்க்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் வடக்கே, கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதி ஊடறுத்துப் போகும் வன்னியில் மரங்கொத்தி பார்க்க நடுக்காட்டுக்குள் போகத் தேவையில்லை. போகவும் கூடாது. போர்க்காலக் கண்ணிவெடி அகற்றி முடியாத காணித் துண்டுகள் இன்னும் கிடக்கின்றன. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை கண்ணில் பட்டால் வீதியை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம். குளக்கட்டு, வாய்க்கால் கரை, ஊருக்குள் நிற்கும் பட்ட பனை, இவ்வளவும் போதும்.

மாங்குளத்தில் தங்கினால் வசதி. மேற்கே வவுனிக்குளம், கிழக்கே ஏ34 வழியாக ஒட்டுசுட்டானும் முத்தையன்கட்டும், வடக்கே இரணைமடு. விடியக் காலை ஆறு மணிக்கே வெளிக்கிட வேண்டும். ஒன்பது மணிக்குப் பிறகு சத்தம் அடங்கிவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நில்லுங்கள். எதிர்வெளிச்சத்தில் பொன்னும் சிவப்பும் ஒரே கறுப்பாகத்தான் தெரியும், பிறகு இனம் பிரிக்கவே முடியாது. மாரி மழையில் காட்டோரப் பாதைகள் சேறாகிவிடும். மாசிக்குப் பிறகு போவது நல்லது.

அதிகம் கண்ணில் படுவது பொன்முதுகு மரங்கொத்தி. 26 முதல் 29 சென்ரிமீற்றர் நீளம். இறக்கையும் மேல்முதுகும் தங்க மஞ்சள், இடுப்பு கறுப்பு, கறுத்த தொண்டையில் வெள்ளைப் புள்ளிகள். ஆணுக்கு நெற்றி முதல் கொண்டை வரை சிவப்பு. பெண்ணுக்குக் கொண்டை மட்டும்தான் சிவப்பு. முன்தலை கறுப்பு, அதில் வெண்புள்ளி. கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் அகப்படும்: கனைப்பது போன்ற கீச்சுக் குரலோடு, அலைபோல ஏறி இறங்கிப் பறந்து வரும்.

மரத்தின் அடிப்பக்கம் வந்து ஒட்டி, விறைத்த வால் சிறகுகளை முண்டுகொடுத்தபடி தொத்தித் தொத்தி மேலே ஏறும். ஆளைக் கண்டால் தண்டின் மறுபக்கம் மறையும். அங்கேதான் பலர் அவசரப்பட்டு மரத்தைச் சுற்றிப் போகிறார்கள். அதுவும் கூடவே சுற்றும், கடைசியில் பறந்துவிடும். நின்ற இடத்திலேயே நின்று, மறைந்த இடத்துக்கு மேலே பாருங்கள். சற்று நேரத்தில் தலையை நீட்டும். பாலை மரத்துச் சொரசொரப்பான பட்டை இடுக்கில் எறும்பும் வண்டுப்புழுவும் கிடைக்கும். எறும்புக்காக நிலத்துக்கும் இறங்கும்.

பொன்முதுகு என்று நம்பி ஏமாறுவது வெண்பிடரி மரங்கொத்தியில்தான். அதற்கும் இறக்கை பொன்னிறம். ஆனால் பிடரியிலிருந்து முதுகு வரை வெள்ளை இறங்கும். பெண்ணுக்குக் கொண்டை மஞ்சள். 18 சென்ரிமீற்றரளவில் கறுப்பு வெள்ளைப் புள்ளியும் மஞ்சள் நெற்றியுமாக இருந்தால் மஞ்சள்நெற்றி மரங்கொத்தி. சிட்டுக்குருவி அளவில் சின்னக் கொப்புகளில் திரிவது குள்ள மரங்கொத்தி. நுனிக் கொப்புகளைப் பாராதவர்கள் அதைத் தவறவிடுவார்கள்.

வீதியால் தெற்கே இறங்கி வவுனியாவை நெருங்கும்போது முதுகை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். தென்னிலங்கையில் பொன்முதுகின் நெருங்கிய உறவான செம்முதுகு மரங்கொத்தி வாழ்கிறது. 2016இல் வெளியான மரபணு ஆய்வு அதைத் தனி இனமாகவே கொள்ளலாம் என்றது. இரண்டும் சந்திக்கும் வலயத்தில் கலந்து பெருகுவதால் செம்மஞ்சள் முதுகுப் பறவைகள் உண்டு. அவற்றை ஏதாவதொரு பெயருக்குள் அடைக்காமல் நிறத்தை மட்டும் குறித்து வைப்பதே சரி. செம்முதுகோடு அலகும் வெளிறியிருந்தால் அது வேறு, பெரிய செம்முதுகு மரங்கொத்தி.

கூட்டுக்குப் பட்ட மரம் வேண்டும். போரில் செல் (எறிகணை) விழுந்து வட்டு, அதாவது தலைப்பகுதி, இழந்த பனைகள் வன்னியில் இதற்கு நன்றாகவே உதவின. வெளி வைரம் கடினம், உள்ளே இற்றிருக்கும். ஓட்டை போட்டுவிட்டால் குடைவது சுகம். அடியில் புதுச் சிராய்கள் சிதறிக் கிடந்தால் மேலே வேலை நடக்கிறது. இரண்டு அல்லது மூன்று வெள்ளை முட்டை, பதினொரு நாளளவில் பொரிக்கும், குஞ்சு வெளியேற ஏறத்தாழ மூன்று கிழமை. பொந்தைக் கிளியும் மைனாவும் பறித்துக்கொள்வதுண்டு. விறகுக்காகப் பட்ட பனையைத் தறிப்பது அதைவிடப் பெரிய கேடு.

கூட்டுக்கு இருபது மீற்றருக்குள் போகாதீர்கள். இரையோடு வந்த பறவை பக்கத்து மரத்திலேயே நின்று கத்தினால் நீங்கள் கிட்ட நிற்கிறீர்கள் என்று அர்த்தம், பின்வாங்குங்கள். ஃபோனில் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம். பின்னேரம் ஐந்தரைக்குக் குளக்கட்டை விட்டு இறங்கிவிடுங்கள், யானைகள் தண்ணீருக்கு வருகிற நேரம் அது.