இரண்டு நாற்பது

மே மாதக் கடைசியில் எனக்கு ஒரு பேட்ச் வந்தது, அதாவது நிரலில் செய்த மாற்றங்களின் தொகுப்பு. தலைப்பு, ‘ஹாஷ் நீளங்களுக்குப் பெயர் வைத்தல், நடத்தையில் மாற்றம் இல்லை’. 640 வரி சேர்ந்திருந்தது, 590 வரி போயிருந்தது. 14 கோப்புகள், எல்லாம் ஒரே கமிட்டில், அதாவது ஒரே தடவையில் சேமித்த மாற்றமாக.

நான் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறேன். பகலில் பெங்களூரு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை. இரவு சாப்பாடு முடிந்தபின் ஒன்றரை மணி நேரம் ஒரு திறந்த மூல மென்பொருளுக்குப் போகும். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் கருவி கிட். அதன் ரெப்போக்களை, அதாவது சேமிப்பிடங்களை, படிக்கவும் எழுதவும் தெரிந்த ஒரு சி மொழி நூலகம் அது. ஆறு வருடமாக அதில் இருக்கிறேன். இப்போதெல்லாம் நான் எழுதுவது குறைவு, பிறர் எழுதியதைப் படிப்பதுதான் அதிகம். பேட்ச் அனுப்பியவர் தர்மபுரியில் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இன்றுவரை நாங்கள் பேசியதெல்லாம் போனில்தான்.

அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். 2005 ஏப்ரலில், லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதத் தொடங்கியபோது, உள்ளே வைக்கும் ஒவ்வொன்றுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்து ஷா-1 என்ற முறையில் கணக்கிட்ட ஹாஷையே, கைரேகை போன்ற ஓர் எண்ணையே, பெயராக வைத்தார். அது 20 பைட். நாம் கண்ணால் படிக்கும் வடிவில் 40 எழுத்து. 2017 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யூ.ஐ. ஆய்வு மையமும் கூகுளும் சேர்ந்து, ஒரே ஷா-1 வரும் இரண்டு வெவ்வேறு பிடிஎஃப் கோப்புகளைச் செய்து காட்டின. ஷா-1-ஐ இனி நம்ப முடியாது என்று முன்பே பேசிக்கொண்டிருந்தவர்களுக்கு அது கண்முன் சாட்சி. கிட் ஷா-256 பக்கம் நகர்ந்தது. 2020 அக்டோபரில் வந்த 2.29-இல் சோதனை நிலையில் அது கிடைத்தது. 2023-இல் 2.42 வந்தபோது ‘சோதனை’ என்ற அடையாளத்தையும் எடுத்துவிட்டார்கள். ஷா-256 என்றால் 32 பைட், 64 எழுத்து. ஆக, எங்கள் நூலகத்தின் நிரல் கோடில் எங்கெல்லாம் 20, 40 என்று வெறும் எண்ணாக எழுதி வைத்திருக்கிறோமோ அங்கெல்லாம் கை வைத்தாக வேண்டும். அதற்கு முதல் படி, அந்த எண்களுக்குப் பெயர் வைப்பது. தம்பி எடுத்துக்கொண்டது அதைத்தான்.

‘நடத்தையில் மாற்றம் இல்லை’ என்ற சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் மூன்று பத்திரங்கள் எனக்கு நினைவுக்கு வரும். தாத்தா நிலம் வாங்கிய பத்திரத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று இருக்கிறது. 1965 அக்டோபர் 2 அன்று தர்மபுரி தனி மாவட்டமானது. அப்பா பெயருக்கு வந்த பத்திரத்தில் தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரி 9 அன்று கிருஷ்ணகிரி பிரிந்தது. அண்ணன் பெயருக்கு எழுதியதில் கிருஷ்ணகிரி மாவட்டம். நிலம் அதே நிலம்தான். சர்வே எண் அதே, நான்கெல்லை அதே, கிணறும் அங்கேயேதான் இருக்கிறது. ரீஃபாக்டரிங் என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். அதை ரிவியூ செய்கிறவர் வேலை, பெயரும் இடமும் மாறிய பிறகும் நிலம் அதே நிலம்தானா என்று பார்த்துச் சொல்வது.

கேட்கச் சுலபம். நான் ஒரு முறை இதில் தவறியிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன்பு இதேபோல் பெரிய பேட்ச் ஒன்று, ஆயிரத்துச் சொச்சம் வரி. ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு ஃபங்ஷன்களை நகர்த்தியிருந்தார்கள், நகர்த்தும்போதே கொஞ்சம் திருத்தியும் இருந்தார்கள். மூன்று இரவு படித்தேன். நான்காம் நாள், நகர்த்தியதுதானே என்று கடைசி இரண்டு கோப்புகளை மேலோட்டமாகப் பார்த்து ஒப்புதல் கொடுத்துவிட்டேன். அதில் ஒரு லூப்பில் ‘சிறியது அல்லது சமம்’ என்று இருந்த குறி ‘சிறியது’ ஆகியிருந்தது. பெயர் வரிசையில் கடைசியாக வரும் கோப்பை மட்டும் மென்பொருள் பார்க்காமல் விட்டது. நான்கு மாதம் கழித்து ஒருவர், தான் மாற்றிய கோப்பு பட்டியலில் வரவில்லை என்று எழுதினார். பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் பைசெக்ட் போட்டுத் தேடினோம். ஆயிரம் கமிட் இருந்தாலும் பத்துத் தாவலில் குற்றவாளியை அது காட்டிவிடும். காட்டியது. ஆனால் அது காட்டியது ஆயிரம் வரியுள்ள ஒரே கமிட்டை. அதற்குள் அந்த ஒரு குறியைத் தேட எனக்கு முழு ஞாயிற்றுக்கிழமை ஆனது. கமிட்டின் அடியில் ‘ரிவியூ செய்தவர்’ என்று என் பெயர் இருந்தது. அதை நம்பித்தான் மற்றவர்கள் அந்தக் கோடைத் திரும்பப் படிக்கவில்லை.

எனவே தம்பியின் பேட்சை அவசரப்படாமல் எடுத்தேன். மாம்பழ சீசன். மாங்கூழ் ஃபேக்டரிகளுக்குப் போகும் லாரிகள் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருந்தன. முதலில் நகர்ந்த வரிகளை மட்டும் பிரித்துப் பார்த்தேன். மாற்றங்களைக் காட்டும் கிட் டிஃப்பில் அதற்கென்றே ‘கலர் மூவ்டு’ என்று ஒரு வசதி உண்டு, 2017-இல் 2.15-இல் வந்தது. எழுத்து மாறாமல் இடம் மட்டும் மாறிய வரிகளை மங்கலாகக் காட்டச் சொல்லலாம். 640-இல் நானூறு மங்கிவிட்டன. அப்பாடா என்று இருந்தது. மீதி வரிகளை ஒரு நோட்டில் எழுதினேன். பழைய எண் இடப்பக்கம், அவர் வைத்த பெயர் வலப்பக்கம், நடுவில் ‘இது எதை எண்ணுகிறது?’ என்று ஒரு கட்டம்.

இண்டெக்ஸ் கோப்பைப் படிக்கும் இடத்தில் அந்த நடுக்கட்டத்தை என்னால் நிரப்ப முடியவில்லை. அடுத்த கமிட்டில் சேர வேண்டிய கோப்புகளை கிட் குறித்து வைக்கும் பட்டியல்தான் இண்டெக்ஸ். அதில் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு பதிவு உண்டு. அந்தப் பதிவில் ஹாஷ் எங்கே தொடங்குகிறது? பழைய கோடில் ‘பதிவின் தொடக்கத்திலிருந்து 40’ என்று இருந்தது. தம்பி அந்த 40-ஐ எடுத்துவிட்டு ‘ஹாஷின் எழுத்து நீளம்’ என்று பெயர் வைத்திருந்தார். 40 எழுத்து என்பதால் பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் ஹாஷுக்கு முன்னால் ஹாஷின் எழுத்து நீளத்துக்கு என்ன வேலை?

தாளில் பதிவை வரைந்தேன். கோப்பின் நிலை மாறிய நேரம், வினாடியும் நானோ வினாடியும். உள்ளடக்கம் மாறிய நேரம், அதேபோல் இரண்டு. சாதன எண், கோப்பின் டிஸ்க் எண்ணான ஐநோட், வகையும் அனுமதியும் சொல்லும் மோட், உரிமையாளர் எண், குழு எண், அளவு. மொத்தம் பத்து, ஒவ்வொன்றும் 4 பைட். பத்து நான்கு நாற்பது! அந்த 40-க்கும் ஹாஷுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தற்செயலாக எண் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான்.

ஷா-1 இருக்கிறவரை இது யாருக்கும் தெரியவே தெரியாது. இரண்டும் 40 என்பதால் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும். ஷா-256 வந்த அன்று எழுத்து நீளம் 64 ஆகும், ஆனால் ஹாஷ் அப்போதும் 40-இல்தான் தொடங்கும். நம் கோடு 24 பைட் தள்ளிப் போய்ப் படிக்கும். ஹாஷின் கடைசி 8 பைட், அடுத்துள்ள 2 பைட் கொடிகள் (ஃபிளாக்), அப்புறம் கோப்புப் பெயரின் எழுத்துகள், இவ்வளவையும் சேர்த்து அதுதான் ஹாஷ் என்று எடுத்துக்கொள்ளும். எந்த மாற்றத்துக்குத் தயாராக இந்த வேலையைத் தொடங்கினோமோ, அந்த மாற்றம் வரும் நாளில்தான் உடையும்.

அடுத்த வரியில் 62 என்று ஓர் எண் தொடப்படாமல் இருந்தது. கோப்புப் பெயர் எங்கே தொடங்குகிறது என்பதற்கு அது. 40-உம் 20-உம் கொடிக்கு 2-உம் சேர்ந்தால் 62. தம்பி 20-ஐயும் 40-ஐயும் தேடித் தேடி மாற்றியிருக்கிறார். கூட்டலுக்குள் கரைந்துபோன 20 தேடலில் எப்படிச் சிக்கும்?

அப்பா தண்ணீர் குடிக்க எழுந்து வந்தார். “என்னம்மா, இன்னும் தூங்கலையா?” என்றார். முப்பது வருடம் பத்திர எழுத்தராக இருந்தவர். தாளைக் காட்டி, “ஒரே நாற்பதுப்பா, ஆனா ரெண்டு வேற வேற ஆளு” என்றேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “நம்ம பக்கம் முனியப்பன்னு ஊருக்கு நாலு பேரு இருப்பான். அதுக்குத்தானே அப்பன் பேரப் போடறோம். இதுல அப்பன் பேரு இல்லியே” என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் காலத்தில் நகல் எடுத்தால் அடியில் படித்தவர், ஒப்பிட்டவர் என்று தனித்தனியாகக் கையெழுத்து இருக்கும் என்றும் சொன்னார். ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார், இன்னொருவர் நகலில் விரல் வைத்துக்கொண்டே வருவார். எழுதியவரையே ஒப்பிட விடமாட்டார்களாம். தான் எழுத நினைத்ததைத்தான் அவர் கண் படிக்கும் என்பதால்.

மறுநாள் தம்பியைக் கூப்பிட்டேன். எழுத்தில் சொன்னால் சுருக்கென்று பட்டுவிடுமோ என்று பயம். முதல் சில பேட்ச்களில் வாங்கும் பதிலை வைத்தே ஒருவர் இந்த வேலையில் நிற்பதும் போவதும் முடிவாகிவிடுகிறது. நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

“அக்கா, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதே” என்றார் எடுத்த எடுப்பில்.

“ஆகும் தம்பி. அந்த 40 எதை எண்ணுதுன்னு மட்டும் சொல்லுங்க.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கீபோர்டு தட்டுவது கேட்டது. இரண்டு நிமிடம் இருக்கும். “பத்து ஃபீல்டு... நாலு நாலு பைட்டு... அய்யோ அக்கா” என்றார். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. கேள்வியாகக் கேட்டது நல்லதாகப் போயிற்று.

பேட்சைப் பிரிக்கச் சொன்னதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. “மூணு வாரமா செஞ்சது அக்கா, மறுபடியும் முதல்லேர்ந்தா?” செய்ததை அழிக்கச் சொல்லவில்லை, படிக்கிறவர் வசதிக்கு அடுக்கச் சொல்கிறேன் என்றேன். முதலில் நகர்த்தல் மட்டும், ஓர் எழுத்துகூட மாறாமல். பிறகு பெயர்கள் மட்டும், மதிப்பு மாறாமல். அப்புறம் ஒவ்வொரு கோப்பாக எண்ணை எடுத்துவிட்டுப் பெயரைப் போடுவது. ஒவ்வொரு கமிட்டிலும் கம்பைல் ஆக வேண்டும், டெஸ்ட் ஓட வேண்டும். அதற்கு, கமிட்களை மறுபடி அடுக்கும் ரீபேஸில் ‘எக்ஸெக்’ கொடுத்தால் கமிட் கமிட்டாக அதுவே ஓட்டிப் பார்த்துவிடும் என்று காட்டினேன். இன்னொரு வழியும் சொன்னேன். 40 என்ற எண்ணுக்கு 40 என்றே மதிப்புள்ள ஒரு பெயரைப் போட்டால் கம்பைலர் வெளியிடும் ஆப்ஜெக்ட் கோப்பு, அதாவது இயந்திர மொழிக் கோப்பு, மாறக்கூடாது. பிழைதேடும் தகவலை அணைத்துவிட்டு, முன்னும் பின்னும் கம்பைல் செய்து இரண்டையும் பைட்டுக்கு பைட் ஒப்பிடலாம். ஆனால் இரண்டு 40-உம் குழம்பியதை அதுவும் காட்டாது. அதற்கு மனிதர் உட்கார்ந்துதான் படிக்க வேண்டும்.

பன்னிரண்டு நாள் கழித்து ஏழு பேட்ச்களாக வந்தது. மொத்த வரிகள் முன்பைவிடக் கொஞ்சம் அதிகம். நானூறு வரியுள்ள முதல் பேட்சை, எல்லாம் மங்கலாகத் தெரிந்ததால், பத்து நிமிடத்தில் முடித்தேன். மூன்றாவது பேட்ச் முப்பது வரிதான், இண்டெக்ஸ் பற்றியது. அதற்கு ஒரு முழு மாலை. 40 இப்போது ‘நிலைத் தகவல் நீளம்’ ஆகியிருந்தது. 62 இருந்த இடத்தில் மூன்று பெயர்களின் கூட்டல் நின்றது. ஷா-256-இல் தானாகவே 74 ஆகிவிடும். கமிட் செய்தியில் பத்து ஃபீல்டுகளையும் வரிசையாக எழுதி, இது ஹாஷின் நீளம் அல்ல என்று தனி வாக்கியமாகச் சொல்லியிருந்தார். யாரோ ஒருவர் அந்த 40 மேல் சந்தேகப்பட்டு வரும்போது அந்த வாக்கியம் அங்கே காத்துக்கொண்டிருக்கும். எனக்கு அதில்தான் நிறைய சந்தோஷம்.

ஒப்புதல் கொடுத்துவிட்டுப் படுத்தேன். பதினொன்றே கால் இருக்கும், போன் அடித்தது.

“அக்கா, தூங்கிட்டீங்களா? பேக் கோப்போட பழைய இண்டெக்ஸ் இருக்குல்ல, முதல் பதிப்பு? அதுல 24-ன்னு ஒண்ணு இருக்கு. நாலு பைட்டு ஆஃப்செட், மிச்சம் 20. நான் அதைத் தொடவே இல்ல.”

எழுந்து போய் லேப்டாப்பைத் திறந்தேன். “எந்த வரி தம்பி?” என்றேன்.