காசை வாங்கிக்கிட்டு மனசாட்சிப்படி போட்டா என்ன தப்பு?

தேர்தல் வந்தால் டீக்கடையில் தவறாமல் காதில் விழும் பேச்சு: "குடுக்குறதை வாங்கிக்க, ஓட்டை உன் இஷ்டத்துக்குப் போடு. நம்ம பணம்தானே!" திருடன் வீட்டில் திருடுவது போல ஒரு நியாயம் இதில் இருக்கிறது. அதனாலேயே இதை மறுப்பது கடினம். அஞ்சு வருஷத்துக்கு ஐந்நூறு ரூபாய் என்றால் நாளுக்கு 27 காசு என்று வாட்ஸப்பில் கணக்குப் போட்டு அனுப்புவதால் யாரும் மாறியதாகத் தெரியவில்லை. கையில் விழுவது இன்றைய ஐந்நூறு, 27 காசு அல்ல.

முதலில் சட்டம். கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 171பி, 171இ. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 170, 173. ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பயத்தில் வாங்காமல் இருப்பவர் அபூர்வம் என்பதால் இதை இதோடு விடுகிறேன்.

"அரசாங்கம் குடுத்த மிக்ஸி, கிரைண்டரை மட்டும் வாங்கலையா?" என்று கேட்பார்கள். தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று 2013-இல் சுப்பிரமணியம் பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நடைமுறையிலும் இரண்டும் வேறு. மிக்ஸி கருவூலப் பணம். சட்டமன்றத்தில் ஒப்புதல் பெற்று, தணிக்கைக்கு உட்பட்டு, எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போட்டவர் வீட்டுக்கும் வரும். கவரில் வரும் பணத்துக்கு ரசீதும் கிடையாது, தணிக்கையும் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பணம் கொடுப்பவர் உங்கள் ஓட்டை விலைக்கு வாங்குகிறார் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வாங்கியவர்களில் பலர் மாற்றிப் போடுவார்கள் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பிறகு ஏன் கொடுக்கிறார்? எதிரே நிற்பவர் கொடுக்கிறார், நாம் கொடுக்காவிட்டால் ஆட்டத்திலேயே இல்லை. அவர் கட்டுவது நுழைவுக் கட்டணம். ஒரு மக்களவைத் தொகுதியில் 15 லட்சம் வாக்காளர்கள் என்று வையுங்கள். பாதிப் பேருக்குத் தலைக்கு 300 என்றாலே 22.5 கோடி. தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலத்தில் ஒரு மக்களவை வேட்பாளர் சட்டப்படி செலவழிக்கக்கூடிய உச்சவரம்பு 95 லட்சம். அந்த 22.5 கோடியைப் புரட்ட முடியாதவர், எவ்வளவு நல்லவராக இருந்தாலும், சீட்டுக் கேட்கும் நேர்காணலிலேயே வெளியே போய்விடுகிறார். "எவ்வளவு செலவு பண்ணுவீங்க?" என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

ஆகவே நீங்கள் வாங்கிக்கொண்டு யாருக்குப் போட்டாலும் அந்தக் கட்டணம் குறைவதில்லை. இரண்டு பக்கமும் வாங்கினால் கணக்கு நேராகிவிடும் என்பவர்களுக்கும் இதே பதில்தான். அந்த இருவருக்கு இடையே நேராகும். கொடுக்காத மூன்றாமவருக்கு ஆகாது. மனசாட்சிப்படி போடலாம் என்று பட்டியலைப் பார்க்கும்போது, மனசாட்சிக்கு ஒத்துவரும் ஆள் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருப்பார்.

பட்டுவாடா எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் எங்கே மறுக்கலாம் என்பதும் தெரியும். அடிப்படை ஆவணம் வாக்காளர் பட்டியல். பாகம் பாகமாக நகலெடுத்து, பூத் கமிட்டி ஆட்களிடம் தெருவாரியாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வீட்டுக் கதவைத் தட்டுபவர் பெரும்பாலும் வெளியாள் அல்ல. அதே தெருக்காரர், சில இடங்களில் மகளிர் குழுவில் கூட இருப்பவர். "உங்க வீட்ல நாலு ஓட்டு" என்று பெயர் படித்து, டிக் அடித்து, நாலு பேருக்கும் சேர்த்து ஒருவர் கையில் கொடுத்துவிட்டுப் போவார். பணத்துக்குப் பதில் டோக்கன் கொடுத்து, முடிவு வந்தபின் தருவதாகச் சொல்வதும் உண்டு.

மறுப்பதில் நடைமுறைச் சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றாலும் பெயருக்கு நேரே டிக் விழும், பணம் நடுவில் உள்ளவர் பையில் போகும். "நான் வாங்கலைன்னா அவன் அமுக்கிடுவான்" என்ற வாதம் இதனால்தான் எடுபடுகிறது. இதற்கு ஓரளவு உதவுவது, வீட்டில் எல்லோரும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு, வருகிறவரிடம் வாசலிலேயே, இன்னும் இரண்டு பேர் காதில் விழும்படி, "எங்க நாலு பேர் பேரையும் அடிச்சுருங்கண்ணே" என்று சொல்லி, பட்டியலில் கோடு போட வைப்பது. சண்டை வேண்டாம், உபதேசமும் வேண்டாம். நாளைக்கும் அதே தெருவில்தான் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்காக நீங்கள் மறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அது அவர் ஓட்டு, அவர் முடிவு. கூலி வேலை இல்லாத வாரத்தில் ஐந்நூறு ரூபாய் வாங்கிய வீட்டை, சம்பளக்காரர்கள் எடைபோடுவதும் எனக்கு உடன்பாடில்லை.

சத்தியம் வாங்குவது இதில் மோசமான பகுதி. சூடம் அணைத்து, பால் மேல் கைவைத்துச் சத்தியம் செய்த வயதானவர்கள் மாற்றிப் போட நிஜமாகவே பயப்படுகிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது: சட்டவிரோத நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது, 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 23-வது பிரிவு. சாமியும் இதற்கு மாறாகச் சொல்லும் என்று தோன்றவில்லை.

"யாருக்குப் போட்டோம்னு கண்டுபிடிச்சுருவாங்க" என்ற பயம் பாதி பொய், பாதி உண்மை. தனி ஒருவரின் ஓட்டைப் பார்க்க முடியாது. யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டு அச்சடித்துக் காட்டும் விவிபாட் இயந்திரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் சீட்டு 7 நொடி தெரிந்து உள்ளே விழும், உங்களைத் தவிர யாரும் பார்ப்பதில்லை. ஆனால் எண்ணிக்கை பூத்வாரியாக நடக்கிறது, படிவம் 20 என்ற முடிவுத் தாளில் அப்படியே வெளியாகிறது. வாக்குச் சீட்டுக் காலத்தில் பல பூத் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபின் அது போய்விட்டது. 14 இயந்திரங்கள் வரை இணைத்து மொத்தமாக மட்டும் எண்ணிக்கை காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் ஆதரித்தது. இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. அதனால் "இந்தத் தெரு நமக்குப் போடலை" என்று சொல்ல முடிகிறது. சிறிய பூத் என்றால் இன்னும் எளிது. எண்ணிக்கை முறையில் உள்ள குறை இது, வாக்காளரின் கற்பனை இல்லை.

புகார் கொடுக்க 1950 என்ற எண்ணும் தேர்தல் ஆணையத்தின் சிவிஜில் (cVIGIL) செயலியும் உண்டு. செயலியில் பெயர் சொல்லாமலும் அனுப்பலாம், ஆனால் அப்படி அனுப்பினால் புகார் என்ன ஆனது என்று பின்தொடர முடியாது. பலர் தடுக்கி விழும் இடம்: முன்பே எடுத்து வைத்த படத்தை அதில் ஏற்ற முடியாது. செயலிக்குள்ளேயே, ஜிபிஎஸ் போட்டுக்கொண்டு, அந்த இடத்திலேயே எடுத்து, 5 நிமிடத்துக்குள் அனுப்ப வேண்டும். வீடியோ 2 நிமிடம் வரை. தேர்தல் அறிவித்த பிறகுதான் வேலை செய்யும். வண்டி எண், டோக்கன், பட்டியல் பக்கம் இவற்றைக் குறிவையுங்கள். கைநீட்டும் பக்கத்து வீட்டு அக்காவின் முகத்தை வேண்டாம்.

ஆணையம் நடவடிக்கையே எடுப்பதில்லை என்று சொல்ல முடியாது. 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர், 2019-இல் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பு வேலூர் மக்களவைத் தொகுதி. எல்லாம் பணப் புகாரில் நிறுத்தப்பட்டவை. ஆனால் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், வேலூர் மூன்றிலும் பிறகு நடந்த தேர்தலில் அதே முக்கிய வேட்பாளர்கள்தான் நின்றார்கள். தேர்தலை ரத்து செய்வதால் தொகுதிக்குத் தண்டனை, வேட்பாளருக்கு இரண்டாவது வாய்ப்பு.

முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டி யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். டீ, சாப்பாடு, நாற்காலி, ஷாமியானா என்று மாவட்ட நிர்வாகம் நிர்ணயித்த விலையில் வரிவரியாக இருக்கும். உங்கள் வீட்டுக்கு வந்த கவருக்கு மட்டும் அதில் வரி இருக்காது.