எடை மெஷினுக்கு எதற்கு ரூட் அதிகாரம்?

"ஏனுங்ணா, அந்தப் பாஸ்வேர்டைக் கொஞ்சம் அடிச்சுட்டுப் போங்." திருப்பூர் பனியன் கம்பெனியோ கோவைப் பட்டறையோ, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் இருக்கிற ஆபீசில் சிஸ்டம் பார்க்கிறவர் அடிக்கடி கேட்கிற குரல் இது. அடித்தால் வேலை நடந்துவிடும். ஆனால் உபுண்டுவில் ஒருமுறை சுடோ (ரூட்டாக ஒரு கட்டளையை ஓட்டுவது) பாஸ்வேர்டு அடித்தால், அதே டெர்மினலில், அதாவது கட்டளை அடிக்கும் ஜன்னலில், 15 நிமிடத்துக்கு மறுபடி கேட்காது. அடித்தவர் டீ குடிக்கப் போய்விடுவார். கம்ப்யூட்டரில் எதையும் மாற்றக்கூடிய ரூட் அதிகாரம் அந்த மேஜையிலேயே திறந்து கிடக்கும். நகரும் முன், அந்தச் சலுகையை ரத்து செய்யும் சுடோ -கே அடிக்க வேண்டும், அல்லது டெர்மினலை மூட வேண்டும்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது, கம்ப்யூட்டர் எதை, ஏன் மறுத்தது என்பதைத்தான். துணி எடை போடும் மெஷினை எடுத்துக்கொள்வோம். எடை நேராக பில்லுக்கு வர யுஎஸ்பி சீரியல் கேபிள் போட்டிருப்பார்கள். பில் புரோகிராம் 'பெர்மிஷன் டினைடு' என்று நின்றுவிடும். உடனே, யாரும் படிக்க, எழுத அனுமதிக்கும் சிஎச்மோடு 666 போடுவார்கள், எடையும் வரும். மதியம் யாராவது கேபிளைப் பிடுங்கிச் செருகினால் மறுபடி அதே மறுப்பு. அந்தக் கேபிளுக்காக லினக்ஸ் வைக்கும் டிவைஸ் ஃபைல் டிஸ்கில் நிலையாக இருப்பதல்ல. செருகும்போதெல்லாம் அது புதிதாக உண்டாகிறது, செருகும் டிவைஸ்களைக் கவனிக்கும் யுடெவ் தன் விதிப்படி பழைய அனுமதியையே கொடுக்கிறது. அனுமதியைக் காட்டும் எல்எஸ் -எல் போட்டால் அந்த ஒரு வரியிலேயே விடை இருக்கும்: சொந்தக்காரர் ரூட், குரூப் டயல்அவுட், இருவருக்கும் படிக்க, எழுத அனுமதி, மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை. பில் போடுகிறவரை டயல்அவுட் குரூப்பில் சேர்த்து, லாக்அவுட் செய்து மீண்டும் உள்ளே வரச் சொன்னால் தீர்ந்தது. ரூட் வேண்டியது அந்த ஒரு தடவைக்குத்தான். பிரிண்டர் அமைப்புக்கும் இப்படியே எல்பிஅட்மின் குரூப் இருக்கிறது.

சேர்க்கும்போது ஓர் எழுத்தில் கவனம் வேண்டும். ஆளைக் குரூப்பில் சேர்க்கும் யூசர்மோடு கட்டளையில் சின்ன 'ஏ'வும் பெரிய 'ஜி'யும் சேர்ந்து வர வேண்டும். 'ஏ' விட்டுப்போனால், புதுக் குரூப்பில் சேர்த்துவிட்டு மற்றக் கூடுதல் குரூப்புகள் எல்லாவற்றிலிருந்தும் ஆளை நீக்கிவிடும், சுடோ குரூப் உட்பட. அந்தக் கம்ப்யூட்டரில் அட்மின் அவர் ஒருவர்தான் என்றால், அடுத்த லாகினிலிருந்து சுடோ போட யாருமில்லை. அப்போது ரீஸ்டார்ட் செய்து, கிளம்பும்போது வரும் கிரப் மெனுவில் ரெக்கவரி மோடு எடுத்து, ரூட்டாகக் கட்டளை அடிக்கும் ரூட் ஷெல்லுக்குள் போய், டிஸ்கை எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்து, பெயரைச் சுடோ குரூப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும். இதற்கு ஆடியூசர் கட்டளையே நல்லது. அதில் பெயரையும் குரூப்பையும் கொடுத்தால் இருப்பதை அழிக்காது.

அனுமதி கேட்கிறது என்று புரோகிராம்கள் இருக்கும் யூஎஸ்ஆர் ஃபோல்டர் முழுக்க, எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் 777 போடுவது எல்லாவற்றையும்விடக் கொடியது. சுடோ ஃபைலில் செட்யூஐடி என்ற குறி உண்டு. யார் ஓட்டினாலும் ரூட்டாக ஓடுவதற்கு அதுதான் வழி. 777 போட்டதும் அந்தக் குறி அழிந்துபோகும். சுடோ தானே வேலை செய்யாது. பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையும் கூடவே படுத்துவிடும். மேலே சொன்ன ரெக்கவரி மோடில் சுடோவை 4755 போட்டு எழுப்பலாம். ஆனால் வேறு எதெது குலைந்தது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட, ஃபைல்களை எடுத்துவைத்துவிட்டு புதிதாக இன்ஸ்டால் செய்வதே மேல்.

அப்டேட் ஓடும்போது கரண்ட் போனாலும் இப்படி ஒரு அவசரம் வரும். ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் காக்கும் லாக் ஃபைல் தடுக்கிறது என்று அதை அழிக்கிறார்கள். அழிக்கவே வேண்டாம். இன்ஸ்டால், அப்டேட் செய்யும் ஏபிடி வேறெதுவும் ஓடவில்லை என்று பார்த்துவிட்டு, டிபிகேஜி கட்டளையைக் கன்ஃபிகர் -ஏ என்று ஓட்டினால் பாதியில் நின்றதை முடித்துக் கொடுக்கும்.

பேக்கிங் செக்‌ஷனில் லேபிள் பிரிண்டர் அடிக்கடி மாட்டுகிறது, பிரிண்ட் வேலையைக் கவனிக்கும் கப்ஸை ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும் என்றால், சூப்பர்வைசருக்கு அந்த ஒரு கட்டளையை மட்டும் கொடுக்கலாம். சுடோ விதிகள் இருக்கும் சுடோயர்ஸ்-டி ஃபோல்டரில் தனி ஃபைல், அதில் ஒரே வரி: அவர் பெயரோடு, ரீஸ்டார்ட் செய்யும் சிஸ்டம்சிடிஎல்லின் முழுப் பாதை, பிறகு ரீஸ்டார்ட் கப்ஸ். ஃபைல் பெயரில் புள்ளி இருந்தால் சுடோ அதைப் படிக்கவே படிக்காது; மணிக்கணக்காகத் தேட வைக்கும் தவறு இது. எழுதுவது, சுடோ விதிகளைச் சரிபார்க்கும் விசுடோ வழியாகத்தான் இருக்க வேண்டும். பிழை இருந்தால் சேமிக்கும் முன் நிறுத்திக் கேட்கும். அப்போது 'ஈ' அடித்துத் திருத்தலாம், 'எக்ஸ்' அடித்து விட்டுவிடலாம். விஐ போன்ற எடிட்டரை மட்டும் இப்படிக் கொடுத்துவிடக் கூடாது. அதற்குள்ளிருந்தே ஷெல் திறக்கலாம், முழு ரூட்டும் கைக்குப் போய்விடும்.

யார், எந்த ஃபோல்டரில் இருந்து, எந்தக் கட்டளையைச் சுடோவில் ஓட்டினார் என்பது ஆத்.லாக் ஃபைலில் நேரத்தோடு விழும். இரண்டு ஷிப்டுக்கும் ஒரே லாகின் என்றால் எல்லா வரியிலும் ஒரே பெயர்தான் இருக்கும், ராத்திரி ஷிப்டில் நடந்ததற்குப் பகல் ஷிப்டுக்காரர் பதில் சொல்ல வேண்டிவரும். ஆளுக்கொரு லாகின் உண்டாக்கச் சில நிமிடம்கூட ஆகாது. முதல் நாளே செய்துவிடுங்கள்.